இரண்டு பாட்டில் இலைப்பேன்

பிப்ரவரி 6

அப்பாவுக்கு,

நீங்கள் ஒன்பது முறை கூப்பிட்டிருக்கிறீர்கள். வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை. போனில் பேச ஆரம்பித்தால் ஐந்தாவது நிமிஷம் என்னைச் சிரிக்க வைத்துவிடுவீர்கள். நான் கேட்க வந்தது காற்றோடு போய்விடும். அதனால் எழுதுகிறேன். நீங்களும் எழுதியே பதில் சொல்லுங்கள்.

போன மாதம் இரண்டு சிறு பாட்டில்கள் அனுப்பினீர்கள். ஒன்றில் நம் பசுமைக்குடிலின் குடமிளகாய்ப் பூவிலிருந்து தட்டி எடுத்த இலைப்பேன். மற்றதில் சித்தப்பா குடிலின் இலைப்பேன். இரண்டிலும் ஸ்பிரிட். பூச்சியோடு உள்ளேயே ஒரு துண்டுக் காகிதம், அதில் யாருடையது என்ற குறிப்பு. ஆய்வுக்கூடத்தில் எழுபது பாட்டில்கள் வரிசையில் காத்திருக்க, நம் வீட்டுப் பாட்டில்களை முன்னால் எடுத்தேன். அது முதல் தப்பு. அது என் தப்பு.

‘நாங்கள்’ என்று எழுதியதில் இருந்தது வெங்காயப் பேன். எங்கும் இருப்பது, மருந்தடித்தால் அடங்குவது. ‘தம்பி’ என்று எழுதியதில் இருந்தது தடை செய்யப்பட்ட மஞ்சள் பேன். அது இருந்தால் தோட்டத்தையே பிடுங்கி எரிக்க வேண்டும் என்பது சட்டம். அறிக்கையில் கையெழுத்துப் போட்டது நான். மூன்றாம் நாள் சித்தப்பா ஆயிரத்து இருநூறு செடியையும், பூவும் பிஞ்சுமாக, வேரோடு பிடுங்கி எரித்தார்.

நேற்று தோட்டக்கலைத் துறை ஆய்வாளர், எரித்த பிறகு எடுக்க வேண்டிய மாதிரியைக் கொண்டுவந்தார். சித்தப்பா குடிலின் சுவரோரக் களையிலிருந்து தட்டிய பத்தொன்பது பூச்சிகள். பத்தொன்பதும் வெங்காயப் பேன். மஞ்சள் பேன் அப்படி ஒரு இடத்தை விட்டுச் சுத்தமாகப் போகிற ஜாதி இல்லை, அப்பா. அது மண்ணுக்குள்ளும் தங்கும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். பாட்டிலுக்குள் போட்ட அந்தக் காகிதங்களை எழுதியது யார், எப்போது, எதனால்?

மகள்


பிப்ரவரி 9

அன்புள்ள பூதக்கண்ணாடிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நான் கடிதம் எழுதிப் பல வருஷம் ஆகிறது. கடைசியாக எழுதியது உன் அம்மாவுக்கு, கல்யாணத்துக்கு முன்னால். அதையும் உன் தாத்தாதான் முதலில் படித்தார். அந்தப் பயத்தில் இன்றுவரை எழுதவில்லை என்று வைத்துக்கொள்.

இங்கே எல்லாரும் நலம். நம் செடிகள் இடுப்பு உயரம் வந்துவிட்டன. வாசலில் வைத்த பலகை அப்படியே இருக்கிறது: ‘கால் கழுவிய பின் உள்ளே வரவும்.’ கீழே மருந்துத் தண்ணீர்த் தட்டு. விளைவிப்போர் சங்கத்தில் எல்லாரும் என்னிடம் வந்துதான் சுத்தத்தைப் பற்றிக் கேட்கிறார்கள். சித்தப்பா மட்டும் வழக்கம்போல, “அண்ணா, இது தோட்டமா ஆஸ்பத்திரியா? டோக்கன் குடு, உக்காந்துட்டுப் போறேன்” என்பான். பாவம், அவனுக்கு இப்படி ஆகிவிட்டது.

நீ கேட்ட விஷயம். காகிதம் எழுதியது நான்தான். நீ சொல்லிக்கொடுத்த மாதிரியே, பென்சிலில். பத்தாம் வகுப்பை இரண்டு தவணையில் பாஸ் செய்தவன் என்றாலும் ‘தம்பி’ என்று தப்பில்லாமல் எழுதத் தெரியும். களையில் வேறு பேன் இருந்தால் அதற்கு நான் என்ன செய்ய முடியும்? கெட்டதெல்லாம் செடியோடு எரிந்திருக்கும், நல்லது களைக்கு ஓடியிருக்கும். பேனுக்கும் புத்தி இருக்காதா?

கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. முற்றுப்புள்ளிக்குக் கால் முளைத்த மாதிரி இருக்கிற ஒன்றை நாள் முழுக்கப் பார்த்தால் யாருக்கும் எல்லாம் ஒன்றாகத்தான் தெரியும். அறிக்கையில் நீயே தெரியாமல் மாற்றிப் போட்டிருக்கலாம், அதுவும் மனித இயல்புதானே.

போனை எடு.

அப்பா


பிப்ரவரி 12

அப்பாவுக்கு,

கடைசிப் பத்திக்கு முந்தினதை நான்கு முறை படித்தேன். ‘நீயே மாற்றிப் போட்டிருக்கலாம்.’

ஒரு ராத்திரி முழுக்க அதை நம்பினேன் என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். காலையில் எல்லாருக்கும் முன்னால் போய்ப் பழைய கண்ணாடித் தகடுகளை எடுத்து வைத்து மறுபடி பார்த்தேன். இந்த இரண்டு பேனையும் நிறத்தை வைத்துப் பிரிக்க முடியாது. வெயிலில் வளர்ந்தால் வெங்காயப் பேனும் மஞ்சளாகத்தான் இருக்கும். உச்சந்தலையில் முக்கோணமாக மூன்று சிறு கண்கள் இருக்கும். வெங்காயப் பேனுக்கு அவை சாம்பல். மற்றதற்குச் சிவப்பு. அதற்குப் பிறகு அந்த முக்கோணத்துக்கு வெளியே முள்மயிர் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். எல்லாம் பார்த்தேன். நான் மாற்றவில்லை.

பிறகு உங்கள் காகிதங்களை எடுத்துக் காய வைத்து, விளக்கைச் சாய்த்துப் பிடித்து, அதே நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். மேலே பென்சிலில் ‘தம்பி’ என்று இருக்கிறது. அடியில் பேனா அழுத்திய பள்ளம் இருக்கிறது. மை ஸ்பிரிட்டில் கரைந்துவிட்டது, பள்ளம் கரையவில்லை. உங்களுக்கு அழுத்தி எழுதுகிற கை. பள்ளத்தில் இருப்பது ‘நாங்கள்’. இன்னொரு காகிதத்தில் அப்படியே தலைகீழ்.

பூச்சிக்காகப் படித்த படிப்பை என் அப்பாவின் கையெழுத்தைப் பிடிக்கப் பயன்படுத்தினேன். இதைவிடக் கேவலமாக ஒரு காலை எனக்கு இருந்ததில்லை.

ஒன்று சொல்ல வேண்டும், நீண்ட நாளாகச் சொல்லவில்லை. கல்லூரியில் முதல் வருஷம் நான் இரண்டு பாடத்தில் பெயிலானபோது, நான் வீடு வந்து சேருவதற்குள் நீங்கள் அதைத் தெருவுக்கே வேடிக்கையாகச் சொல்லி முடித்திருந்தீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். உங்களுக்கு லேசாகிவிட்டது. வெட்கப்பட வேண்டிய எது வந்தாலும் அதை வேடிக்கையாக்கி ஊருக்குப் பங்கு போட்டுவிடுவீர்கள். அந்த வேடிக்கைக்குள்ளே நான் உட்கார்ந்திருந்தேன். இப்போது சித்தப்பா உட்கார்ந்திருக்கிறார்.

வேடிக்கை இல்லாமல் ஒரு கடிதம் எழுதுங்கள். இன்றிலிருந்து நம் குடிலைப் பூட்டுங்கள். ஒரு காய்கூட வெளியே போகக் கூடாது.

மகள்


பிப்ரவரி 15

மகளுக்கு,

பூட்டிவிட்டேன். சாவி என் சட்டைப் பையில் இருக்கிறது.

வேடிக்கை இல்லாமல் எழுத உட்கார்ந்தால் கை நகர மாட்டேன் என்கிறது. மூன்று தாள் கிழித்தாகிவிட்டது. நடந்ததைச் சொல்கிறேன்.

நீ பென்சில் என்று படித்துப் படித்துச் சொன்னாய். சட்டைப் பையில் இருந்தது பேனா. எது இருந்தால் என்ன என்று எழுதி உள்ளே போட்டு மூடிவிட்டேன். மறுநாள் தபாலுக்குக் கட்டலாம் என்று எடுத்தால் இரண்டு பாட்டிலும் நீலத் தண்ணீர். காகிதம் வெள்ளை வெளேரென்று இருக்கிறது. எந்தப் பாட்டில் யாருடையது என்று எனக்கே தெரியவில்லை. சித்தப்பாவிடம் போய், “மறுபடி தட்டி எடுக்கலாம் வாடா” என்று சொல்ல வெட்கம். ஊருக்கே பாடம் எடுக்கிறவன் பேனாவுக்கும் பென்சிலுக்கும் வித்தியாசம் தெரியாதவன் என்று ஆகிவிடும். உன்னிடம் சொன்னால் திட்டுவாய். புது ஸ்பிரிட் ஊற்றி, காகிதத்தைக் காய வைத்து, குத்துமதிப்பாகப் பென்சிலில் எழுதிப் போட்டேன். இரண்டிலும் ஒரே பேன்தான் இருக்கும், யார் பெயர் இருந்தால் என்ன என்று நினைத்தேன். மாறிப்போயிருக்கிறது. உன் மேல் பழி போட்டு எழுதியதற்கு மன்னித்துவிடு. அதை எழுதும்போதே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. இருந்தும் எழுதித் தபாலில் போட்டேன்.

உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. செடியை எரித்த மறுநாள் சித்தப்பா இங்கே வந்தான். பலகை வரைக்கும் வந்து நின்றான், உள்ளே வரவில்லை. கை விரலெல்லாம் கரி. “அண்ணா, மன்னிச்சுடு. எங்கிட்டருந்து உனக்கும் பரவியிருந்தா என்ன பண்றதுன்னு தெரியல. நீ அத்தனை சொல்லியும் நான் கால் கழுவாமத்தான் சுத்திட்டிருந்தேன்” என்றான். சங்கத்தில் அவனைப் பெட்டி அடுக்குகிற கொட்டகைப் பக்கம் வர வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். சொன்ன நாலு பேரில் நானும் ஒருவன்.

நான் அவன் தோளில் தட்டி, “பரவாயில்லடா, இனிமே ஜாக்கிரதையா இரு” என்றேன்.

அப்பா


பிப்ரவரி 18

அப்பாவுக்கு,

குத்துமதிப்பு என்று எழுதியிருக்கிறீர்கள்.

‘தம்பி’ பாட்டிலில் நாற்பத்தொரு பூச்சிகள் இருந்தன. ‘நாங்கள்’ பாட்டிலில் பதினான்கு. பூச்சி தட்டிய அன்று சாயங்காலம் போனில் நீங்களே சொன்னீர்கள்: “நம்மளது நாப்பதுக்கு மேல இருக்கும்மா. சித்தப்பாவோடது ஒரு டஜன் தேறினா அதிகம்.” அன்று நான் வேறொரு தகட்டில் கண்ணை வைத்துக்கொண்டு ‘ம்’ கொட்டினேன். பாட்டில் வந்தபோது எண்ணினேன், குறித்தேன். அந்த ‘ம்’ ஞாபகம் வரவில்லை. நேற்றுதான் வந்தது.

மை போனாலும் எண்ணிக்கை போகாது. எது யாருடையது என்று உங்களுக்குத் தெரியும்.

எங்கள் ஆய்வுக்கூடத்தின் பெரிய மேடத்திடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வரிசையை மீறி எடுத்ததையும், சொந்தக்காரர் பாட்டில் என்று எழுதி வைக்காததையும். அவர் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். ஆறு மாதத்துக்கு நான் எதையும் வகை பிரித்துக் கையெழுத்துப் போடக் கூடாது. தகடு கழுவுகிறேன். எனக்குக் கீழே இருந்த பெண் என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். சந்தேகம் வந்தால் எழுந்து வந்து என்னைக் கேட்கக் கூச்சப்படுகிறாள். எனக்கும் அவள் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது.

வருகிற இருபத்தாறாம் தேதி ஆய்வாளர் நம் குடிலுக்கு வருகிறார். திருத்திய அறிக்கை அன்றே உங்களுக்கும் சித்தப்பாவுக்கும் கையில் கொடுக்கப்படும். அதற்கு முன்னால் சித்தப்பாவிடம் நீங்கள் சொல்ல வேண்டும். அதிகாரி வாயிலிருந்து அவர் அதைக் கேட்கக் கூடாது. நான் சொல்லிவிடலாம், போன் நம்பர் இருக்கிறது. சொல்ல மாட்டேன்.

மகள்


பிப்ரவரி 21

மகளுக்கு,

நாற்பத்தொன்று. ஆமாம். நான்தான் ஈரத் தூரிகையால் ஒவ்வொன்றாகத் தொட்டு எடுத்துப் போட்டேன். நெருக்கமாக இருந்த பாட்டில் என்னுடையது. ஒரு நொடிகூடச் சந்தேகம் இல்லை.

மீதியையும் சொல்லிவிடுகிறேன். மை கரைந்ததைப் பார்த்த பிறகு, நீ வாங்கிக் கொடுத்த அந்தச் சின்ன லென்ஸை எடுத்து இரண்டு பாட்டிலையும் ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். உன் அளவுக்கு எனக்குத் தெரியாது. முள்மயிர் எல்லாம் என் கண்ணுக்கு எட்டாது. தலையில் சிவப்பாக ஏதோ இருக்கிறதா இல்லையா என்று பார்த்தேன். நெருக்கமான பாட்டிலில் இருந்தது. மூன்று நான்கு பூச்சியில் பார்த்தேன். லென்ஸைத் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தேன்.

வீட்டில் யாரும் இல்லை. உட்கார்ந்திருந்தேன். எனக்கு முதலில் தோன்றியது செடி போய்விடுமே என்று இல்லை. அந்தப் பலகை. அதை எப்படிக் கழற்றுவேன் என்றுதான் தோன்றியது. கொட்டகையில் எல்லாரும் எப்படிச் சிரிப்பார்கள் என்று ஒவ்வொருத்தர் முகமாக வந்து போனது. நான் அத்தனை பேரைச் சிரிக்க வைத்திருக்கிறேன். என்னைப் பார்த்து அவர்கள் சிரிப்பதை ஒரு தடவைகூட நினைத்துப் பார்க்க முடியவில்லை. பென்சிலை எடுத்தேன். காகிதம் காய்ந்திருந்தது, பள்ளம் என் கண்ணில் படவில்லை. என் பாட்டிலில் இருந்த காகிதத்தில் ‘தம்பி’ என்று எழுதினேன். எழுத்துகூடத் திருத்தமாக வந்தது. அதுதான் இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

என் கண் என்ன பெரிய கண், மகள் பார்த்தால் இரண்டும் நல்ல வகையாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படியானால் எதற்கு மாற்றி எழுதினாய் என்று கேட்க அங்கே ஆள் இல்லை.

பேன் எங்கிருந்து வந்தது என்பதும் தெரியும். பலகைக்கு இரண்டு பக்கமும் அழகாக இருக்கட்டும் என்று ரோட்டோரத்தில் இரண்டு பூந்தொட்டி வாங்கி வைத்தேன். அதைத் தட்டிப் பார்க்கவே இல்லை.

நேற்று சித்தப்பா வீட்டுக்குப் போனேன். சித்தி கதவைத் திறந்தாள். உன் வேலையை விசாரித்தாள். ‘நல்லா இருக்கா’ என்றேன். வந்த காரியம் என்ன என்கிற மாதிரி இருவரும் பார்த்தார்கள். ஏணி வேண்டும் என்று சொல்லி ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். நம் வீட்டில் ஏற்கெனவே இரண்டு ஏணி இருக்கிறது.

உன்னைத் தகடு கழுவ வைத்தது நான்.

அப்பா


பிப்ரவரி 23

அப்பாவுக்கு,

இன்னும் மூன்று நாள் இருக்கிறது. ஏணியைத் திருப்பிக் கொடுக்கப் போகும்போது சொல்லுங்கள்.

சித்தப்பா கோபப்பட்டால் நடுவில் பேசாதீர்கள். அவரைச் சமாதானப்படுத்தவும் வேண்டாம்.

மகள்


பிப்ரவரி 27

மகளுக்கு,

சொல்லிவிட்டேன். நடந்தபடி எழுதுகிறேன்.

இருபத்தைந்தாம் தேதி காலை போனேன். சித்தப்பா காலிக் குடிலுக்குள் தரையில் உட்கார்ந்து சொட்டுநீர்க் குழாயில் அடைப்பெடுத்துக்கொண்டிருந்தான். செடி இல்லாமலேயே குழாயைச் சுத்தம் செய்துகொண்டிருந்தான். நான் நின்றுகொண்டே சொன்னேன்.

“உன் செடில கெட்ட பேன் இல்லடா. எல்லாம் என் செடில. பாட்டில் பேரை நான் மாத்திட்டேன்.”

“என்ன உளர்றே?”

முதலிலிருந்து சொன்னேன். பேனா, நீலத் தண்ணீர், லென்ஸ், பென்சில். அவன் குழாயைக் கீழே வைக்கவில்லை. சொல்லி முடித்ததும், “தெரியாமத்தானே?” என்றான். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவனே எனக்கு அதை எடுத்து நீட்டுகிற மாதிரி இருந்தது.

“இல்ல. தெரிஞ்சுதான்.”

கொஞ்ச நேரம் குழாய்த் துளையை ஊசியால் குத்திக்கொண்டே இருந்தான். அப்புறம் நிமிர்ந்து ஒன்று கேட்டான். செடியைப் பற்றிக் கேட்பான், இல்லை அடிப்பான் என்று நினைத்தேன்.

“நான் வந்து மன்னிப்புக் கேட்டேனே, அன்னிக்கும் தெரியுமா?”

“தெரியும்.”

“தோளத் தட்டினியே.”

நீ சொன்ன மாதிரி நான் பேசவில்லை. சித்தி பின்னால் வந்து நின்றிருந்தது அப்போதுதான் தெரிந்தது. அவள், நான் சுவரில் சாய்த்து வைத்த ஏணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நானும் வந்துவிட்டேன்.

சாயங்காலம் கொட்டகைக்குப் போனேன். நான் எழுந்து நின்றதுமே எல்லாரும் சிரிக்கத் தயாரானார்கள். நான் எழுந்தால் வேடிக்கைக்குத்தான் எழுவேன். பெட்டி அடுக்குகிறவர், “சொல்லுங்க தலைவரே, இன்னிக்கு யாரு மாட்டினாங்க?” என்றார். நான் மாட்டினேன் என்று சொன்னேன். அதற்கும் இரண்டு பேர் சிரித்தார்கள். மீதியைச் சொன்ன பிறகு யாரும் சிரிக்கவில்லை. இத்தனை நாள் எந்தச் சிரிப்புக்குப் பயந்து இதைச் செய்தேனோ, அந்தச் சிரிப்பு வரவேயில்லை. வந்திருந்தால் தேவலை. ஒவ்வொருவராகத் தண்ணீர் குடிக்கிற மாதிரி, பெட்டியை எண்ணுகிற மாதிரி எழுந்து போனார்கள்.

நேற்று ஆய்வாளர் வந்தார். பத்துப் பூத் தட்டினார், போதும் என்றார். அறிக்கையைக் கையில் கொடுத்தார். உன் கையெழுத்து இருக்கிற இடத்தில் வேறு யாருடைய கையெழுத்தோ இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர், “புரியலையா?” என்று கேட்டார்.

ஒரே நாளில் எல்லாச் செடியையும் பிடுங்கிப் பையில் கட்டி எரிக்க வேண்டும். நம் ஆட்கள் இருவர் வரவில்லை. நான் தனியாக முதல் வரிசையில் பாதிகூட முடிக்கவில்லை, சித்தப்பா கையுறையோடு வந்தான். கடைசி வரிசையிலிருந்து ஆரம்பித்தான். எனக்குப் பழக்கம் இல்லை, வேர் அறுந்து மண்ணில் நின்றுவிடும். அவனுக்கு இது இரண்டாம் தடவை, சுளுவாக வந்தது. தண்டை எந்த இடத்தில் பிடிக்க வேண்டும், எப்படித் திருகினால் முழுசாக வரும் என்று தெரிந்திருந்தது. அவன் பிடித்த இடத்தைப் பார்த்து நானும் பிடித்தேன். மத்தியானத்துக்குள் இருவரும் நடு வரிசைக்கு வந்துவிட்டோம். ஒரு கை நீளம்தான் இடைவெளி.

எரித்து முடித்துச் சாம்பலில் தண்ணீர் ஊற்றினோம். அவன் கையுறையைக் கழற்றி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, தரையைப் பார்த்துச் சொன்னான்:

“மண்ணுக்கு மேல ஷீட் விரிச்சு மூடணுமாம், ஆய்வாளர் சொல்லிட்டுப் போனார். காலைல ஏழு மணிக்கு வந்துடறேன். நீங்க சாப்பிட்டுட்டு வாங்க.”

பேச்சு வந்த நாளிலிருந்து அவன் என்னை ‘நீ’ என்றுதான் கூப்பிட்டிருக்கிறான். எனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

அப்பா